நூலகத் தீர்மானமும் என் தோள் துண்டும்

சார்,

இன்று காலை வீட்டு வரி கட்டப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயிருந்தேன். என்னைப் போல முதல் ஆளாகப் போய் வரி கட்டுகிறவன் தொண்டாமுத்தூர் வட்டாரத்திலேயே கிடையாது. கலெக்டர் காதுக்கே இந்தச் சேதி எட்டிவிட்டதாகக் கேள்வி. ரசீது எழுதிய பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங் பெரியப்பா, இந்த வெயில்ல தோள்ல ஒரு துண்டுகூட இல்லாம வாரீங்க?"

நான் ரசீதைப் பார்த்தேன். வீட்டு வரிக்குக் கீழே 'நூலக வரி' என்று தனியாகப் போட்டிருந்தது. எழுத்துக் கூட்டாமல் நான் படிக்கிற சொற்களில் அதுவும் ஒன்று. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை, சார்.

ஓட்டு வீட்டு முன்னறையில், வாடகைக்கு இருந்த நம் நூலகம் கண் முன்னால் வந்துவிட்டது. இரண்டு அலமாரி, ஒரு பெஞ்சு, ஜன்னலோரம் உங்கள் நாற்காலி. நீங்கள் கோயமுத்தூரிலிருந்து நூலகர் வேலைக்கு வந்தவர். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குச் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்குத் தீர்ந்து போனதுதான் காரணம். நீங்கள் பேப்பரைச் சத்தமாகப் படிப்பீர்கள். அதை நான் டீக்கடைக்குக் கொண்டுபோய் இரண்டு மடங்காக்கிச் சொல்வேன். மலையிலிருந்து இறங்கிய யானை நம் பின்சுவரில் முதுகைத் தேய்த்து விரிசல் விழுந்ததே, நினைவிருக்கிறதா? "ஜன்னல் வழியா தும்பிக்கைய உட்டு ஒரு பொஸ்தகத்த எடுத்து, பக்கத்தப் பொரட்டிப் பார்த்துப்போட்டு, எடுத்த எடத்துலயே வெச்சுட்டுப் போச்சுங்க" என்று ஊரெல்லாம் சொன்னேன். சாட்சிக்கு உங்களைக் கூப்பிட்டார்கள். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அண்ணன் சொன்னா நான் பாதியக் கழிச்சுக்குவேனுங்க. யானை வந்தது நெசம்" என்றீர்கள். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அதே பதில்தான்: "பாதி கழிச்சாச்சுங்ணா."

பஞ்சாயத்துத் தேர்தல் முடிந்த புதிது. வீட்டுக்காரர் தேங்காய் போட்டு வைக்க அறையைத் திருப்பிக் கேட்டார். நூலகத் துறை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: பஞ்சாயத்து தன் வரிப்பணத்தில் ஓர் அறை கட்டிக் கொடுத்தால் நூலகம் இங்கே இருக்கும், இல்லாவிட்டால் புத்தகங்களும் நீங்களும் வேறு ஊருக்கு. கிராம சபையில் ஊர் ஜனம் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். எதிர்த்தவர்கள் அந்தப் பணத்தில் சாக்கடை கட்டலாம் என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது.

கடிதத்தை மடித்தபடி நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். "எத்தனையோ ஊர் பார்த்துட்டேனுங்ணா. இங்கதான் இருந்துக்கலாம்னு தோணுச்சு."

"கவலைய உடுங்க சார். ஆயிரம் கை நான் கொண்டாரேன்."

ஊரில் மொத்தமே அத்தனை கை இருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை. அந்த ஒருமுறை பாதியைக் கழிக்கவும் இல்லை.

கை தூக்க ஆட்களைச் சேர்த்தேன். தேங்காய் உரிக்கிறவர்கள், காய்கறி மூட்டை ஏற்றுகிறவர்கள், என் பேச்சில் மயங்கிய பாதி டீக்கடை. மைக்கில் சொல்வது ஒன்றும் புரியாது என்றார்கள். "மைக்கு எதுக்குங்க? என்னையப் பாருங்க. நான் துண்டத் தோள்ல இருந்து எடுத்தா எல்லாரும் கையத் தூக்குங்க" என்றேன். இப்படி ஒரு யோசனை மந்திரிக்குக்கூட வராது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்துக் கூட்டம் தொடங்கியது. நூலகத்துக்காக நான் பேசினேன். யானையும் என் பேச்சில் வந்தது. கைதட்டல் சிறுவாணி வரை கேட்டிருக்கும். பிறகு தலைவரம்மா மைக்கைப் பிடித்தார். "மொதல்ல, நூலகம் வேண்டாங்கறவங்க கையத் தூக்குங்க."

அந்த நேரம் பார்த்து எதிரே டவுன் பஸ் நின்றது. என் மாமனார் இறங்கினார்.

மாமனாரைக் கண்டால் எழுந்து, துண்டை இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பது எங்கள் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து பழகிய கை, சார். என்னைக் கேட்காமலே எடுத்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். என் ஆட்கள் அத்தனை பேரும் கையைத் தூக்கியிருந்தார்கள். சிலர் இரண்டு கையையும்.

தலைவரம்மா எண்ணத் தொடங்கினார். தப்பாகிவிட்டது, மறுபடி கேளுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குள் மாமனார் பக்கத்தில் வந்து, "என்னுங் மாப்ள, ஒரே கையாத் தெரியுது?" என்றார்.

"நம்ம பேச்சுக்கு ஊரே கட்டுப்படுதுங் மாமா" என்றேன்.

சொன்ன பிறகு வாயைத் திறக்க வழியில்லை. தீர்மானம் தோற்றது. நீங்கள் கொடிக்கம்பத்தருகே என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். சாக்கடைக்காரர்கள் டீயும் வடையும் கொடுத்து ஆளை இழுத்துவிட்டதாக அன்று சாயங்காலம் உங்களிடம் சொன்னேன். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

புத்தகங்களைக் கட்டி வேனில் ஏற்றிய நாளில் நான் வெறும் தோளோடு வந்தேன். உங்களுக்குப் பவானிப் பக்கம் போட்டிருந்தார்கள். வேனில் ஏறப் போனவர் நின்று கேட்டீர்கள்.

"ஏனுங்ணா, துண்டு எங்க?"

"தொவச்சுப் போட்டிருக்குதுங்க சார்."

என் வெறும் தோளைப் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். "செரிங்ணா. காஞ்சதும் எடுத்துப் போட்டுக்குங்க."

அந்த வார்த்தைக்குள் என்ன இருந்தது என்று பஸ் ஸ்டாப் வரை நடந்தும் எனக்குப் புரியவில்லை. துண்டு செய்த வேலை உங்களுக்கு அப்போதே தெரியும் என்று புரிந்த அன்று, பவானிக்குப் போய் உங்களிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு வருசமும் நினைத்தேன். பஸ்ஸில் அரை நாள் பயணம், அவ்வளவுதான். போன மாதம் உங்கள் மகனிடமிருந்து கருப்பு மை தடவிய கருமாதிக் கார்டு வந்தது. அதையும் எழுத்துக் கூட்டாமலே படித்துவிட்டேன்.

நீங்கள் பவானிக்கு மாறிப் போன சில வருசத்திலேயே இன்னொரு கிராம சபையில் அதே தீர்மானம் நிறைவேறியது. முதல் கை என்னுடையது. இதில் பாதி கழிக்க வேண்டியதில்லை. நூலகம் வந்தது. ஜன்னலோரம் நாற்காலியும் இருக்கிறது. நான் அதன் எதிரே உட்கார்ந்து, பேப்பரை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படிக்கிறேன். கழித்துக்கொள்ள ஆளில்லாததால் இப்போதெல்லாம் உள்ளதை உள்ளபடி மட்டுமே படிக்கிறேன்.

துண்டு பெட்டிக்குள் மடித்தபடி இருக்கிறது. அது இன்னும் காயவில்லை, சார்.