பாதிக்குப் பாதி விழாத சோழிகள்

அன்புள்ள அத்தானுக்கு,

அன்பு என்று எழுதிவிட்டேன். அக்காவுக்காக அது இருக்கட்டும்.

நேற்று உங்கள் முதல் திவசம். தெம்பனிஸில் உங்கள் வீட்டில் சாப்பாடு முடிந்ததும் அக்கா, "ஒரே ஸ்கூல்ல வேல பாத்தீங்க, அவரப் பத்தி நாலு வார்த்த நல்லதா சொல்லுடா" என்றாள். எழுந்தேன். "கண்டிப்பானவர்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். மீதி இங்கே.

அந்த அரை ஆயுள் பாடம் நினைவிருக்கிறதா? கதிரியக்கப் பொருளை வகுப்புக்குக் கொண்டுவர முடியாது. அதனால் தேக்காவில் பூசைச் சாமான் கடையில் சோழி வாங்கி வந்தேன். ஒவ்வொரு சோழியும் ஓர் அணு. மேசையில் கொட்டி, வாய் மேலே தெரிய விழுந்ததெல்லாம் சிதைந்தது என்று எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி கொட்ட வேண்டும். அடுத்து எது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டம் பாதியாகக் குறைய எவ்வளவு நேரமாகும் என்று சொல்லலாம், அதுதான் அரை ஆயுள். பிள்ளைகள் கத்திக் கத்தி எண்ணினார்கள்.

துறைத் தலைவராக உள்ளே வந்தீர்கள். முதல் வீச்சில் பாதி போகவில்லை என்று கண்டுபிடித்தீர்கள்.

"ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் தட்டை. எப்படி சார் பாதி விழும்? எக்ஸ்பெரிமெண்டே தப்பு. ஜோசியம் பாக்கணும்னா கோயில் வாசல்ல உக்காருங்க லா!"

வகுப்பே சிரித்தது. வீட்டில் "டா" போடுகிறவரின் அந்த "சார்"தான் அதிகம் சுட்டது. சோழிகளைப் பையில் அள்ளினேன். அக்கா கணவரிடம் என்ன பேசுவது? நீங்கள் சொன்னது சரியோ என்ற சந்தேகம் வேறு. அதன்பின் ஒவ்வொரு தீபாவளிக்கும், "வாங்க ஜோசியரே" என்றுதான் கதவைத் திறந்தீர்கள்.

போன வாரம் அதே பையைத் தேடியெடுத்துச் சாப்பாட்டு மேசையில் கொட்டினேன். வீச்சுக்கு ஒரு புள்ளி வைத்து வரைந்தேன். பாடப்புத்தகத்தில் உள்ள அதே வளைகோடு! பாதியாகக் குறைய ஒரு வீச்சு போதவில்லை, கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளுக்கும் தனி அரை ஆயுள், சோழிக்கும் அதனுடையது. தவறு சோழியிடம் இல்லை அத்தான், உங்களிடம்.

தெரியாமல் சொன்னீர்களா? தெரிந்தே சிரிக்க வைத்தீர்களா? எது மோசம்?

சனிக்கிழமை ஈசூனில் நான் எடுக்கும் துணைப்பாட வகுப்பில் இதே பாடம். உங்கள் பேத்தியும் இருப்பாள். "ஏன் பாதி விழல?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி என்பேன். அதற்கு விடை தேடாமல் ஒருவர் ஒரு வகுப்பையே கலைத்தார் என்றும் சொல்வேன். அவள் முகத்தைப் பார்த்தால் உங்கள் பெயர் வாயில் வராது, என்னை எனக்குத் தெரியும். ஆனால் "அவர் சொன்னது தவறு" என்பேன். கடைசிச் சோழி போகும்வரை பையைத் தொடமாட்டேன்.

உங்கள் மச்சினன்,
ஜோசியர்