ஒக்கவாங்கோவுக்கு மேலே அம்மா

மே 18, ஞாயிறு

பூசை முடிந்து நம் சனத்தின் கடைத்தெருவான ரூ பெர்தொனேயில் இடியப்பத்துக்கு வரிசையில் நின்றபோது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேலை செய்யும் பயண முகவரகம் என்னை ஆபிரிக்கா அனுப்புகிறது: ஒக்கவாங்கோ ஆற்றுச் சதுப்புநிலம், காட்டுக்குள் ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்குச் சின்ன விமானத்தில். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம்.

"குமர்ப்பிள்ளை தனிய ஆபிரிக்காவுக்கோ? நான் வாறன்."

மெத்ரோப் படியில் திடீரென்று நின்றார். "சின்னன் எண்டா எவ்வளவு சின்னன்?"

"முன்னுக்கு ஒரு காத்தாடிதான் சுத்தும் அம்மா. ஏழெட்டுப் பேர் இருக்கலாம்."

இடியப்பப் பையை என் கையில் தந்துவிட்டுப் படியிறங்கினார்.

மே 21

அப்பா வேலைக்குப் புறப்படும்போது மெதுவாகச் சொன்னார். "மன்னாரிலை குண்டு போட வந்த காத்தாடிப் பொம்பர் சுத்தின சத்தம் கொம்மாவின்ரை காதுக்கை இன்னும் கிடக்கு. பெரிய பிளேனிலை நித்திரையே கொள்ளுவா. சின்னனிலை ஏறமாட்டா, பிள்ளை."

போரைப் பற்றி எத்தனை புத்தகம் வாசித்திருப்பேன். என் வீட்டுக்குள் இருந்ததை யாரும் எழுதவில்லை, அம்மாவும் சொன்னதில்லை.

ஜூன் 2

நானும் போகவில்லை என்றேன். "விசர்க்கதை கதையாதை" என்றார் அம்மா.

"அப்ப ஏறுவியளோ?"

"பாப்பம்."

அம்மாவின் 'பாப்பம்' என்பது முக்கால்வாசி 'இல்லை.'

ஜூன் 15, மவுன்

மவுன் விமான நிலையம்வரை பெரிய விமானத்தில் அம்மா நித்திரையோடு வந்துவிட்டார். இனிச் சின்ன விமானம்: ஆளுக்குப் பதினைந்து கிலோ, அதுவும் மெத்தென்ற பையில். அம்மா கொழும்புக்குப் போகும்போது நம் சனம் செய்வதையே செய்திருந்தார்: பையை நிறுத்துப் பார்த்து மூடிவிட்டு, மிச்சத்தை எல்லாம் குளிர்கோட்டின் பைகளுக்குள். நண்பகல் வெயிலில் கோட்டுப் போட்டபடி நின்றார். ஆனால் இங்கே ஆளையும் தராசில் ஏற்றுகிறார்கள்.

விமானி லொறாட்டோ என்னைவிட இளையவள், ஒல்லி. தராசு முள்ளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கோட்டைத் தொட்டாள். ஒவ்வொன்றாக வெளியே வந்தன: மாசிக் கருவாட்டுச் சம்பல் போத்தல், பருத்தித்துறை வடை, லூர்து மாதா தீர்த்தம், இன்னும் ஒரு சம்பல்.

"நான் பாரம். நீ போ, நான் இஞ்சை நிக்கிறன்" என்றார் அம்மா. குரலில் அவமானமில்லை, நிம்மதி. அதற்காகவேதான் கோட்டுப் போட்டாரோ?

மொழிபெயர்த்தேன். லொறாட்டோ சிரித்தாள். "நான் ஐம்பது கிலோகூட இல்லை. என் எடையில் மிஞ்சுவதை அம்மா எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் முன்னால், என் பக்கத்தில்தான் இருக்கவேண்டும்." சம்பல் மணக்கும், முகாமுக்குப் பபூன் குரங்குகள் வரும் என்று போத்தல்களை அலுவலகத்தில் வைத்துவிட்டு, ஒரு வடையைக் கடித்தாள். காரத்தில் கண் கலங்கியது. இன்னொன்று எடுத்தாள்.

"பாவம், சாப்பிடாமல் வந்திட்டாள் போலை" என்றார் அம்மா. அந்தப் பாவத்தோடேயே ஏறிவிட்டார்.

எஞ்சின் உறுமியதும் அம்மாவின் பிடரி விறைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். நான் செய்தது பிழையோ?

பிறகு நிலம் திறந்துகொண்டது. எப்படி எழுதுவது? மணல்நாட்டுக்கு நடுவில் வந்து விரிந்து, கடலைக் காணாமலே முடிந்துபோகும் ஆறு. பச்சைக்குள் நீலம், நீலத்துக்குள் பனைமரத் தீவுகள். யானைகள் நடந்த தடங்கள் தண்ணீருக்குள் வெள்ளையாகத் தெரிந்தன. எதையும் யாரும் ஒழுங்குபடுத்தவில்லை. அப்படியும் இவ்வளவு வடிவு.

எங்களுக்குக் காட்டத்தான் லொறாட்டோ தாழப் பறந்தாள். கீழே காட்டெருமைக் கூட்டம். சத்தம் கேட்டு ஓடத் தொடங்கியது. தண்ணீர் சிதற, கன்றுகளை நடுவில் விட்டு, எங்கள் நிழலுக்கு முன்னால் ஓடின. நான் கமெராவைத் தூக்கினேன்.

அம்மா லொறாட்டோவின் தோளைத் தட்டினார். உள்ளங்கையை மேலே, மேலே என்று காட்டினார். "அதுகள் பயப்பிடுதுகள். மேலை போ மோனை."

மொழிபெயர்ப்புக்காக லொறாட்டோ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உடனே உயர்த்தினாள். கூட்டம் மெல்ல நின்றது. ஒன்று குனிந்து மேயத் தொடங்கும்வரை அம்மா யன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் படம் எடுக்கவில்லை.

ஜூன் 17

அடுத்த முகாமுக்குப் படகிலும் ஜீப்பிலும் போக வழி கேட்டு வைத்திருந்தேன். அம்மா விடியவே சப்பாத்தோடு ஓடுபாதையில் நிற்கிறார். "அந்தப் பெட்டைதானே ஓட்டுறாள்? உயரத்திலை போகச் சொல்லு."

ஜூன் 18

சிங்கம். இரண்டு. எழுதச் சொல் இல்லை. அம்மா: "எங்கடை மாமா மாதிரிப் படுத்திருக்கு."

ஜூன் 29, ஞாயிறு, வீடு

மன்னாரிலிருக்கும் றஜனிச் சித்தியோடு அம்மா தொலைபேசியில். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். யானைக் கதை, வடை தின்ற விமானியின் கதை, சிரிப்பு. பிறகு குரல் தாழ்ந்தது.

"ஓம் றஜனி, முன்னுக்குத்தான் இருந்தனான். மேலையிருந்து பாத்தா எல்லாம் வடிவாத் தெரியுதடி. எருமையள் கண்டுக்குட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடுறதுகூடத் தெரியுது." குரல் இன்னும் தாழ்ந்தது. "அப்ப, அண்டைக்கு நானும் நீயும் வயலுக்குள்ளாலை ஓடினதும் பொம்பரிலை வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், என்ன?"

கத்தியை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அம்மா என்னைக் கண்டார். கொஞ்சம் தள்ளி இடம் விட்டார். கதையை நிறுத்தவில்லை.