குறைந்த நாள் உள்ளவர் டீ போடவும்

மார்ச் 3, திங்கள்
குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போனேன். நானாகவா போனேன்? டிப்போ மேனேஜர் அனுப்பிவைத்தார். தொண்ணூறு நாள் குடிக்கவில்லை என்று அங்கே கடிதம் வாங்கி வந்தால்தான் மறுபடி பஸ் தருவாராம். அதுவரை ஸ்டோர் ரூமில் பழைய டயர்களுக்குக் காவல். இருபத்தொரு வருஷம் ஸ்டீயரிங் பிடித்தவனுக்கு என்ன ஒரு மரியாதை!

நூலகத்தின் பின்னறை, பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொருவராக எழுந்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்ல, மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். நடத்துவது ஒரு நர்சம்மா. அவர் விட்டுப் பதினோரு வருஷமாம். நான் “ரெண்டு நாள்” என்றேன். அதற்கும் தட்டினார்கள்! கூச்சமாகப் போய்விட்டது.

“யாருக்குக் குறைஞ்ச நாளோ அவங்கதான் டீ போடணும். இங்க அதான் வழக்கம்” என்று நர்சம்மா கெட்டிலைக் கையில் கொடுத்துவிட்டார்.

மார்ச் 10
டீ தண்ணியாக இருக்கிறதாம். இவ்வளவு ருசி பார்க்கிற நாக்கெல்லாம் முன்பு எங்கே போயிருந்தது?

மார்ச் 24
எனக்கும் விடிவு வந்தது. மூன்றே நாள் ஆன ஒரு வெல்டர் சேர்ந்திருக்கிறார். கெட்டில் கைமாறியது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை “அண்ணே” என்கிறார். பின்னே, இருபது நாள் சீனியர் அல்லவா!

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். “டீ போடுறதுலேர்ந்து விடுதலையா? பெரிய பதவிதான்” என்றாள் மனைவி. ஆனால் சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று?

ஏப்ரல் 6, ஞாயிறு
மச்சான் வீட்டுக்குப் போய் வந்தோம். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 7
இருக்கிறது. மச்சான் வீட்டு மாடியில் இரண்டு கிளாஸ். அவன் ஊற்றினான், நான் குடித்தேன். பழியை அவன் தலையில் கட்டலாமா என்று காலையிலிருந்து பார்க்கிறேன், கட்ட முடியவில்லை.

கூட்டத்தில் எழுந்து “முப்பத்தேழு நாள்” என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. என்ன நடிப்பு, சபாஷ்! தட்டினார்கள். வெல்டர் டீ கொண்டுவந்து கொடுத்தார். “உங்களப் பாத்துத்தாண்ணே பல்லக் கடிச்சிட்டு இருக்கேன்.”

டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டேன். சொன்னால் கடிதம் போச்சு, பஸ் போச்சு, அவள் சிரிப்பும் போச்சு. சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 11
மத்தியானம் வெல்டர் போன் செய்தார். மதுக்கடை வாசலில் நிற்கிறாராம்.

“உள்ள போயிருவேன் போலிருக்குண்ணே.”

“வேணாம். அப்படியே திரும்பி நடங்க.”

“உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க. உங்களால முடியுது. நான் உங்கள மாதிரி இல்லண்ணே.”

பாழாய்ப்போன வாய் சும்மா இருந்ததா? “அண்ணே, நானும் விழுந்தேண்ணே! போன ஞாயித்துக்கிழம. எனக்கு இன்னிக்கு அஞ்சு நாள்தான். உங்களுக்கு இருபத்தொண்ணு. நீங்கதாண்ணே சீனியர்!”

திட்டுவார் என்று காத்திருந்தேன். “அஞ்சு நாளா?” என்றார். அப்புறம் கட்டாகிவிட்டது. உள்ளே போனாரா, வீட்டுக்குப் போனாரா? நாலு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 12
மனைவியிடமும் சொல்லிவிட்டேன். அன்றைக்கே வாடை வந்ததாம். “நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன்.” சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஏப்ரல் 14
வெல்டர் வந்திருந்தார். வழக்கம்போலக் கெட்டிலை எடுத்தார். நான் எழுந்து போய் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, அங்கே அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“எட்டு நாள்” என்றேன். முப்பத்தேழுக்குத் தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள், பைத்தியங்கள். “லெட்டர் ஜூலைலதான்” என்றார் நர்சம்மா. இன்னும் எண்பத்திரண்டு நாள் டயர்களோடு குடித்தனம்.

வெல்டர் எழுந்து “இருபத்துநாலு” என்றார். நான்தான் முதலில் தட்டினேன்.

அப்புறம் என் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“தண்ணியா இருக்கே, தம்பி” என்றார்.