தண்ணி மாதிரி

பங்குனி 6, செவ்வாய், 2002

படுத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆத்தா மன்னிக்கட்டும்.

சாயப்பட்டறைக் கழிவு நம் கண்மாயில் விழுகிறது என்று ஊரே கத்திய பிறகு, இன்றுதான் யூனியன் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். பிரசிடென்ட், என் அண்ணன் மகன்தான், அவரை நேராகத் தண்ணீர் தெளிந்து கிடக்கும் மேற்குக் கரைக்குக் கூட்டிப் போனான். நானும் ஆத்தா கோயில் அபிஷேகக் குடத்தோடு பின்னாலேயே போனேன்.

"என்ன சார் பண்றீக?"

"தண்ணி மாதிரி எடுக்குறோம்மா."

"அப்ப இங்க எடுக்காதீக. இது தண்ணி. தண்ணி மாதிரி இருக்குறது பட்டறை வாய்க்கால்ல கெடக்கு."

துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். பிரசிடென்ட் பல்லைக் கடித்தான்.

"அத்தே, கோயில் வேலையப் பாருங்க."

"அதத்தான் மாப்ள பாக்குறேன். ஆத்தாளுக்குத் தண்ணி எடுக்குற படித்துறை அந்த வாய்க்கால் பக்கம்தான இருக்கு? வெள்ளிக்கெழம அவ தலையில செவப்புச் சாயத்தையா ஊத்துறது?"

அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் பாட்டிலை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார். நான் ஜீப்புக்கு முன்னால் குடத்தை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அபிஷேகக் குடத்தை எவன் நகர்த்துவான்? டிரைவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

கடைசியில் அதிகாரி இன்னொரு பாட்டிலோடு வாய்க்காலுக்கு நடந்தார். நிரப்பிக்கொண்டு வந்த பாட்டில்மேல் 'வாய்க்கால்' என்று அவர் எழுதிய பிறகுதான் எழுந்தேன்.

முழங்கால் வலிக்கிறது. சோதனையில் என்ன வந்தாலும் வரட்டும். வெள்ளிக்கிழமை ஆத்தா முன்னால் வெறுங்குடத்தைத்தான் வைக்கப்போகிறேன். ஊர் கேட்கட்டும், சொல்கிறேன்.