வாண்டு எந்தக் கட்சி?

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் மாப்பிள்ளையும் உன் வாண்டுவும் சுகம், என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் உன் வரிகளெல்லாம் சரிந்து தாளின் மூலைக்கு ஓடியிருந்தன, கான்வென்டில் படித்தவள் பெற்ற பெண் இப்படியா எழுதுவது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை இன்னும் இரண்டு கையாலும் மாற்றி மாற்றிக் கிறுக்குகிறாள், பள்ளியில் சேர்ப்பதற்குள் இடது கைக்குக் கையுறை மாட்டியாவது ஒரே கைக்குப் பழக்க வேண்டும் என்று உன் அலுவலகத் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. மாப்பிள்ளை துணி வெட்டுவதே இடது கையால்தானே, பிள்ளையும் தன் கட்சிதான் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் வலது கைக் கட்சி, என் கையெழுத்து என் பேத்திக்கு வரவேண்டாமா? காலையில் சாப்பாட்டு மேசையில் அவளை எதிரே உட்காரவைத்துப் பென்சில் பிடிக்கக் காட்டுவேன். என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, சமர்த்தாக இடது கையில் பிடிப்பாள். "பாத்தீங்களா அத்தை, ரத்தம் பேசுது" என்று மாப்பிள்ளை காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். சாயங்காலம் தையல் கடையில் அவர் துணி வெட்டும் மேசைக்கு எதிரே அவளை முக்காலியில் ஏற்றி, சாக்பீஸால் கோடு போடக் கற்றுக்கொடுப்பார். அங்கே வலது கையால் இழுத்துவைப்பாள். "நான் இல்லாத நேரத்துல பிள்ளைக்கு என்ன ஓதுறீங்க அத்தை?" என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வருவார். நான் விடுவேனா? "காலையில இடது கையில பிடிக்கிறாளே, அது யார் ஓதினது?" என்று கேட்டேன். உன் அப்பா இருந்திருந்தால் எங்கள் இருவரையும் மூலையில் நிற்கவைத்திருப்பார்.

முந்தாநாள் நிலைக்கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் சீப்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தவுடன் எனக்குப் பொறி தட்டியது. பிள்ளை எதிரே உட்கார்ந்து எங்களைக் கண்ணாடி மாதிரி பார்த்துச் செய்கிறாள்! என் வலது கை இருக்கும் பக்கம் அவளுக்கு இடது கை, மாப்பிள்ளையின் இடது கை இருக்கும் பக்கம் வலது கை. ஆக, இத்தனை நாளும் அவர் கட்சிக்கு ஓட்டுச் சேர்த்தது நான், என் கட்சிக்கு அவர். அன்றே நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் கவனித்தேன், நான் வாயைத் திறக்கவில்லை என்பதற்கு மாப்பிள்ளையே சாட்சி. இடப்பக்கம் கிடந்த விளையாட்டுக் கட்டையை இடது கையாலும் வலப்பக்கம் கிடந்ததை வலது கையாலும் எடுக்கிறாள். கோடு பாதித் தாளைத் தாண்டினால் பென்சில் கை மாறுகிறது. குழந்தை டாக்டரிடம் கேட்டேன். நாலு வயதுகூட ஆகவில்லை, இந்த வயதில் இது சகஜம், போகப்போக ஒரு கையில் தானாக நிலைக்கும், அதுவரை பொருளை நடுவில் வையுங்கள், எந்தக் கையையும் அதட்டாதீர்கள் என்றார்.

நேற்று பள்ளிக்கும் போய்வந்தோம். டீச்சர், "எந்தக் கையால எழுதுவ கண்ணு?" என்று கேட்டார். உன் பெண் இரண்டையும் தூக்கிக் காட்டி, "ரெண்டும் என்னோடதுதான்" என்றாள். டீச்சர் சிரித்துவிட்டு, தனி நாற்காலி போட்டுவிடுகிறேன், எந்த முழங்கையும் யாரையும் இடிக்காது என்று சேர்த்துக்கொண்டார்.

இத்துடன் அவள் வரைந்த உன் படத்தை வைத்திருக்கிறேன். நடுவில் கை மாறியதால் உனக்கு இரண்டு மூக்கு. ஒன்றை அழித்துவிடலாமென்று ரப்பரை எடுத்தேன், பிறகு டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டேன்.

லீவில் வரும்போது அவளுக்கு எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். தோழி சொன்ன கையுறை வீண் போக வேண்டாம், அந்தக் குளிருக்கு நீ மாட்டிக்கொள், இரண்டு கையிலும். எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ்க.

ஆசிகளுடன்,
உன் அம்மா