சுவிட்சுக்குப் போகும் கை

மார்ச் 3
எலெக்ட்ரிக் பைக் இன்றும் பாதி வழியில் நின்றது. பெட்ரோல் வண்டி என்றால் யாரிடமாவது கெஞ்சி அரை லிட்டர் வாங்கலாம். கரண்ட்டை யாரிடம் கேட்பது? டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வீட்டில் காத்திருந்த பெரியவர், நான் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். லேப் மேனேஜர் கத்தவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்ப்பாராம்.

மார்ச் 4
வண்டியில் ஒரு கோளாறும் இல்லையாம். மெக்கானிக் சிரிக்கிறான். "அக்கா, பிளக்கை மாட்டினா போதாது, சுவிட்சையும் போடணும்." போட்டேனே! நான் என்ன பைத்தியமா?

மார்ச் 6
கண்ணால் பார்த்துவிட்டேன். அப்பாதான்! விடியற்காலையில் பாத்ரூம் போய்விட்டு வரும் வழியில் ஹால் விளக்கு, ஃபேன், ஜன்னல் வழியாக வண்டிக்குப் போகும் ஒயரின் சுவிட்ச் — வரிசையாக அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கேட்டால் தொடவே இல்லை என்கிறார். பொய் இல்லை. நிஜமாகவே ஞாபகமில்லை.

மார்ச் 7
சுவிட்ச் மேல் டேப் ஒட்டினேன். பிரித்து, ஒழுங்காக மடித்து, மேஜைமேல் வைத்திருக்கிறார்.

மார்ச் 10
மறுபடியும். ஆட்டோ பிடித்து ஓடி எப்படியோ சமாளித்தேன். வந்ததும் கத்தினேன். "என் பொழப்புல மண்ணைப் போடாதீங்கப்பா. பேசாம தம்பி வீட்டுக்குப் போயிடுங்க." இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி அப்படிச் சொன்னே? வாயா அது?

மார்ச் 11
தம்பி காரில் வந்து கூட்டிப் போனான். கிளம்பும்முன் அப்பா வீட்டை ஒரு சுற்று சுற்றி எல்லாவற்றையும் அணைத்தார்.

மார்ச் 12
முழு சார்ஜ்.

மார்ச் 20
முழு சார்ஜ். மேனேஜர் முகத்தில்கூடச் சிரிப்பு. வீடு திரும்பினால் ஹால் விளக்கு காலையிலிருந்து எரிந்துகொண்டிருக்கிறது. அசதியாக இருக்கிறது. சாப்பிடவில்லை.

மார்ச் 30, ஞாயிறு
தம்பி வீடு. நேற்றுச் சாயங்காலம் வந்தேன். ஒரு சார்ஜில் வந்து சேரலாம், திரும்பிப் போக முடியாது. ராத்திரி சார்ஜ் போட்டேன். காலையில் சுவிட்ச் அணைந்திருந்தது. தம்பி பெண்டாட்டி பதறிப்போனாள். பரவாயில்லை என்று மறுபடி போட்டேன்.

"இப்பவே கிளம்புறியாம்மா?"

"இல்லப்பா. வண்டில சார்ஜ் இன்னும் ஏறல."

பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் எழுந்து உள்ளே போகும்போது அவர் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அணைத்தார். நான் மறுபடி போடவில்லை. மேனேஜருக்கு போன் போட்டு நாளைக்கு லீவு சொன்னேன்.