வில்லி தேடிய தம்பி

இன்று காலை யூனிட்டில் புதுப் பேண்டேஜ் துணிக் கட்டைப் பிரித்தேன். பிளீச்சிங் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. உனக்கு அது ஆகவே ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி, சீக்கிரம் மடி, கண்ணு எரியுது" என்பாய். நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் வாடை வந்ததும் உன் பக்கம் திரும்பிவிட்டேன்.

ராஜபாளையத்து யூனிட்டில் துணி மடிக்கும் அந்த மேசைக்கு எதிரெதிரே பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். நீ சர்ச்சுக்குப் பின்தெருவிலிருந்து நடந்தே வருவாய். நாம் பேசாத பேச்சில்லை. ஆனால் உன் தம்பி வீட்டை விட்டுப் போனதை மட்டும் நாலு நாள் என்னிடமே மறைத்துவிட்டாய். ஐந்தாம் நாள், டிபனைத் திறக்காமலே சொன்னாய்.

"நான்தான் வெரட்டுனேன் ஏட்டி. மில்லு வேலைய விட்டுட்டு வந்து நின்னான். நீ இருந்தா என்ன, செத்தா என்னன்னு கேட்டுட்டேன். அம்மை போன பொறவு நான் வளத்த பய. என் வாயிலருந்தே அது வந்துச்சு."

அவனைத் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அலைந்தாய். மூன்று வாரமாகியும் துப்பு இல்லை. அப்போதுதான் எங்கள் ஊரில் ஆடிப்பூரத் தேர் வந்தது. "அம்புட்டுக் கூட்டம் வரும்ல. அவன் தேர் பாக்காம இருக்க மாட்டான். நானும் வாரேன்" என்றாய்.

ரதவீதி நான்கிலும் நடந்தோம். தேர் அசைந்தபோது ஊரே நாச்சியாரைப் பார்த்துக் கையெடுத்தது. நீ மட்டும் வடம் பிடித்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெயில் தாங்காமல் பெரிய கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்தோம். எந்தக் காலத்து எழுத்தோ, கல்லில் வெட்டியிருந்ததை விரலால் தடவியபடி, "உங்க ஊருக்கு இந்தப் பேரு எப்படி வந்துச்சு?" என்று கேட்டாய். சொந்த ஊர்ப் பெருமையில் யோசிக்காமல் ஆரம்பித்துவிட்டேன்.

"முன்ன இதெல்லாம் காடு. வில்லி, கண்டன்னு அண்ணன் தம்பி ரெண்டு வேடருங்க ஆண்டாங்க. ஒருநா வேட்டையில தம்பி ஒரு புலிய வெரட்டிக்கிட்டுத் தனியாப் போயிட்டான். அண்ணங்காரன் காடு பூராத் தேடுனான்..."

அங்கே என் நாக்கு நின்றுவிட்டது. கதைப்படி புலி தம்பியைக் கொன்றுவிடும். தேடிக் களைத்து மரத்தடியில் தூங்கும் வில்லியின் கனவில் பெருமாள் வந்து அதைச் சொல்வார். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகூட இதைச் சொல்லும். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பொறவு?"

"பொறவு என்ன... பெருமாள் கனவுல வந்து வழி காட்டுனாரு. தம்பி ஒரு ஆலமரத்தடியில அசந்து தூங்கிக்கிட்டு இருந்தான். ரெண்டு பேருமாச் சேந்து கோயிலக் கெட்டுனாங்க."

கோபுர வாசலில் உட்கார்ந்துகொண்டு பொய் சொன்னேன். நீ "நல்லாருக்கு" என்றாய். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தொடாதவள், என் பாட்டிலை வாங்கிக் குடித்தாய்.

தேரில் அவன் கிடைக்கவில்லை. கார்த்திகையில்தான் வ. புதுப்பட்டியிலிருந்து போன் வந்தது. தென்னந்தோப்பு ஒன்றில் வேலை பார்த்தவன் காய்ச்சலில் கிடந்து, கடைசியில் உன் நம்பரைக் கொடுத்திருக்கிறான். நீ போய்த் திட்டவில்லையாம், அழவுமில்லையாம். ஈரத் துணியால் அவன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாயாம். அவனே என்னிடம் சொன்னான்.

அவனை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் மேசைக்கு எதிரே உட்கார்ந்ததும், "பொய்க்காரி" என்று சிரித்தாய். எனக்குப் புரியவில்லை.

"சின்னதுல எங்கம்மை தேருக்கு வளையல் கடை போடுவா. கண்டனப் புலி அடிச்ச கதைய அப்பமே கேட்டாச்சு. ஒருத்தியாவது வேற மாதிரிச் சொல்ல மாட்டாளான்னுதான் ஒங்கிட்டக் கேட்டேன்."

துணியை மடித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு உனக்கு நோய் வந்தது. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் உன்னைப் பார்க்க வந்தேன். மறுபடி மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த உன் தம்பி அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். "அந்தக் கதைய இப்ப உள்ளபடிக்குச் சொல்லு" என்றாய். மாட்டேன் என்றேன். நீ விடவில்லை. சொன்னேன். கண்டன் செத்தான், வில்லி அழுதான், எழுந்து காட்டைத் திருத்திக் கோயில் கட்டினான், ஊரைக் கட்டினான்.

"அழுது முடிச்ச பொறவா கெட்டுனான்?"

"அழுகைக்கு முடிவேது? அழுதுக்கிட்டேதான் கெட்டியிருப்பான்."

அடுப்படிப் பக்கம் பார்த்தாய். "இத அவங்கிட்டச் சொல்லு. நான் போயிட்டா வேலைய விட்டுட்டு நிப்பான்."

நீ பயந்தபடியே நின்றான். உன்னை அடக்கம் செய்தபின் இருபது நாள் வாசலைத் தாண்டவில்லை. நான் போய்ச் சொன்னேன், ஒரு சொல் மாற்றாமல். மறுவாரம் மில் ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸில் அவனைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. கையில் டிபன் இருந்தது.

போன வாரம் யூனிட்டுக்குப் புதிதாக வந்த மம்சாபுரத்துப் பெண் என்னிடம் கேட்டாள்: "அக்கா, எம் மவன் ரெண்டு நாளா போன் எடுக்கல. நல்லாத்தான இருப்பான்?" முன்பென்றால் வேலையைப் பார்த்தபடியே, "இருப்பான், இருப்பான்" என்று சொல்லியிருப்பேன். அன்று துணியைக் கீழே வைத்துவிட்டு மேசையைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நம்பரச் சொல்லு, ரெண்டு பேருமாப் போன் போட்டுப் பாப்போம்" என்றேன்.